விற்பதற்கு முன் எதைச் சரிசெய்வது, எதை அப்படியே விடுவது: 2014 ஸ்விஃப்ட் ஒன்றின் வேலைப் பதிவு

வண்டி: மாருதி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, 2014 மாடல், பெட்ரோல், 1197 சி.சி. கே12 எஞ்சின், 82,000 கி.மீ., சிங்கிள் ஓனர், சென்னைப் பதிவு. டீலரிடம் தள்ளிவிடாமல் நேரடியாகப் பார்ட்டிக்கு விற்பது திட்டம். கீழே வரும் தொகைகள் எல்லாம் வெளி ஒர்க்‌ஷாப் கணக்கு. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை கொஞ்சம் முன்பின் இருக்கும்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வண்டி பார்க்க வருகிறவர் ஒவ்வொரு குறைக்கும் மனதுக்குள் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டே வருவார். கதவில் பள்ளம் இருந்தால், டிங்கரிங் பெயின்டிங் சேர்த்து ஐயாயிரம், ஆறாயிரம் என்று அவருக்கே தெரியும். அதையே கழிப்பார், பாதி நேரம் அதுகூடக் கழிக்க மாட்டார். ஆனால் மீட்டரில் எஞ்சின் லைட் எரிந்தால் அது முந்நூறு ரூபாய் வயரா, முப்பதாயிரம் ரூபாய் எஞ்சின் வேலையா என்று அவருக்குத் தெரியாது. தெரியாத குறைக்கு எப்போதும் பெரிய தொகையைத்தான் கழிப்பார், இல்லையென்றால் எழுந்து போய்விடுவார். ஆகவே காரணம் வெளியே தெரியாத குறைகளைச் சரிசெய்ய வேண்டும். கண்ணால் பார்த்து விலை சொல்லக்கூடிய குறைகளை விலையில் விட்டுக்கொடுத்தால் போதும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கிவிட்டு எஞ்சின் லைட்டை "சும்மாதான் எரியுது" என்று விட்டுவிடுகிறார்கள்.

முதல் நாள் சுற்றிப் பார்த்ததில் கிடைத்த குறைகள்: எஞ்சின் லைட். ஸ்பீடு பிரேக்கரில் முன்பக்கம் "டக் டக்". டேப்பெட் கவர் ஓரம் ஆயில் கசிவு. சிக்னலில் நின்றால் ஏ.சி. குளிர்ச்சி இல்லை. கிளட்ச் பெடல் கனம். மஞ்சளான ஹெட்லைட். இடது பின்கதவில் பள்ளம், முன் பம்பரில் உரசல். முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் தேய்மானம். வலது பின் கண்ணாடி மெதுவாக ஏறுகிறது. ஆர்.சி.யில் கடன் முடிந்தும் பேங்க் பெயர் நிற்கிறது.

எஞ்சின் லைட்

2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓ.பி.டி.-2, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துக் குறித்துவைக்கும் அமைப்பு, இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி மொபைலில் படிக்கலாம். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற ஸ்கேனரே இதற்குப் போதும். வந்த கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) பி0135: புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு.

கோடு வந்ததும் சென்சார் வாங்க ஓடக் கூடாது. முதலில் ஃபியூஸ். அடுத்து கப்ளரை (வயர் இணைப்பை) கழற்றிப் பின்னில் பச்சை பிடித்திருக்கிறதா, வயர் சைலன்சரில் பட்டு உருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து சென்சார் பக்கத்து ஹீட்டர் வயர் இரண்டுக்கும் நடுவே அளக்க வேண்டும். நான்கு வயரில் ஒரே நிறத்தில் இருக்கிற ஜோடி பெரும்பாலும் அதுதான். நல்ல சென்சாரில் சில ஓம்ஸ் காட்டும். இதில் ஒன்றும் காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அதன் பிறகுதான் புது சென்சார் வாங்கியது, ரூ. 2,600.

கழற்றும்போது எஞ்சின் மிதமான சூட்டில் இருக்க வேண்டும். முழுக்க ஆறிவிட்டால் மரை பிடித்துக்கொள்ளும். முதல் நாள் இரவே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்து, மறுநாள் பக்கவாட்டு வெட்டுள்ள 22 எம்.எம். சாக்கெட் போட்டால் வந்துவிடும். சாதாரண ஸ்பேனர் போட்டு முனை மழுங்கிப் போனால் மேனிஃபோல்டைக் கழற்றும் வேலையாகிவிடும். புதியதைப் போடும்போது மரைக்கு மட்டும் ஆன்டிசீஸ் (மரை பிடிக்காமல் தடுக்கும் பசை). சென்சார் மூக்கில் பட்டால் புதிதும் கெடும்.

இதோடு வேலை முடியவில்லை. கோடு எண்ணை அழித்துவிட்டு அன்றே வண்டியைக் காட்டக் கூடாது. அழித்த உடனே ஸ்கேனரில் "ரெடினஸ்" சோதனைகள் (வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்பவை) எல்லாம் முடியாத நிலையில் நிற்கும். கோடு அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பல வண்டிகளில் படிக்கலாம். விவரமான மெக்கானிக்கோடு வருகிற பார்ட்டி அதைப் பார்த்தால், சரிசெய்த வண்டியும் ஏமாற்று வண்டியாகத்தான் தெரியும். நான்கைந்து நாள் சாதாரணமாக ஓட்டி, காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் செய்து, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் போனால் எல்லாம் "ரெடி" ஆகும். பழைய சென்சாரும் பில்லும் ஒரு கவரில் போட்டு டிக்கியில் வைத்தாயிற்று.

முன்பக்கச் சத்தம்

ஸ்விஃப்டில் இந்தச் சத்தத்துக்கு முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு, அதாவது திருப்பத்தில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் கம்பி. ஆனால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மவுன்ட் எல்லாமே கிட்டத்தட்ட இதே சத்தம்தான் போடும். ஒர்க்‌ஷாப்பில் "முழு சஸ்பென்ஷன் செட்டும் மாத்திடலாம்" என்பார்கள். விற்கப்போகிற வண்டிக்கு அந்தச் செலவு திரும்பவே திரும்பாது.

எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு லிங்க் ராடையும் கழற்றிவிட்டு, ஆள் இல்லாத தெருவில் நடை வேகத்தில் அதே ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்க வேண்டும். சத்தம் போய்விட்டால் ஆள் அகப்பட்டுவிட்டது. திருப்பத்தில் வண்டி அதிகமாகச் சாயும் என்பதால் சோதனைக்கு மேல் அப்படி ஓட்டக் கூடாது. இந்த வண்டியில் சத்தம் சுத்தமாக நின்றது.

கழற்றும்போது எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம்: ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் ஏற்றினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், நட்டு வந்தாலும் போல்ட் துளையை விட்டு வராது. சுத்தியலால் அடித்து மரையைக் கெடுப்பது இதனால்தான். முன்பக்கம் இரண்டையும் சேர்த்து ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தினால் கையாலேயே வரும். நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றினால் போல்ட் முனையிலுள்ள துளையில் ஆலன் சாவி கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜோடி ரூ. 1,400, கூலி 400. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது வீண். மற்றது அடுத்த மாதம் சத்தம் போடும், வாங்கியவர் போன் செய்வார்.

சக்கரம் கழன்றிருக்கும்போதே பிரேக் பேட் பார்த்தது: 5 எம்.எம். பாக்கி, விட்டாயிற்று. 3 எம்.எம்.மிற்குக் கீழே போயிருந்தால் யோசனையே இல்லாமல் மாற்றியிருக்க வேண்டும். பிரேக் விஷயத்தில் லாப நஷ்டக் கணக்கு கிடையாது.

ஆயில் கசிவு

பானட்டைத் திறந்ததும் வாங்குபவரின் மெக்கானிக் தேடுவது ஈரத்தை. டேப்பெட் கவர் (எஞ்சினின் மேல் மூடி) பேக்கிங் காய்ந்து கசிவது வயதான எஞ்சினில் சாதாரணம். ஆனால் பின்பக்கம் வழிந்து கீழே இறங்குவதால், எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் "எஞ்சின் திறக்கணும் சார்" என்று சொல்ல வசதியாகிவிடுகிறது. முதலில் துடைத்துக் காயவிட்டு, சந்தேகப்படும் இடத்தில் முகப்பவுடர் தூவி, இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் ஈரம் தொடங்கும் இடம் கோடாகத் தெரியும். இங்கே மேல் பேக்கிங்கிலிருந்துதான் தொடங்கியது.

பேக்கிங் ரூ. 450, கூலி 500. செய்முறை:

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கழற்றும் முன் கவரைச் சுற்றிக் காற்றடித்து மண்ணை விரட்ட வேண்டும். கவர் திறந்த பிறகு விழும் மண் நேராக கேம் ஷாஃப்ட்டுக்குப் போகும். கப்ளர்களை எடுத்து நான்கு இக்னிஷன் காயிலையும் கழற்ற வேண்டும். பிளக் குழியில் ஆயில் நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, நின்றால் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அந்த ஆயில்தான் பின்னாளில் காயில் ரப்பரை ஊறவைத்து மிஸ்ஃபயர் கொண்டுவருவது. கவரைத் தூக்கியதும் பழைய பேக்கிங்கோடு பிளக் குழி வளையங்களையும் மாற்ற வேண்டும். டைமிங் செயின் கவர் ஹெட்டோடு சேரும் இரண்டு மூலைகளிலும் பட்டாணி அளவு சிலிகான் பேஸ்ட் வைக்க வேண்டும். வெறும் பேக்கிங் மட்டும் போட்டு "மாத்தியும் லீக் ஆகுது" என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலும் விட்டுப்போனது இந்த இரண்டு மூலைகள்தான். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, இரண்டு சுற்றில் இறுக்க வேண்டும். சின்ன போல்ட், கீழே அலுமினிய மரை. 10 நியூட்டன் மீட்டரைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. நீளக் கைப்பிடி ராட்செட்டை ஓரமாக வைத்துவிடுவது நல்லது.

பேஸ்ட் காய்ந்ததும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியது, ரூ. 1,900. கே12-க்கு ஃபில்டரோடு மூன்று லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும், 3.5 லிட்டர் கேன் ஒன்று போதும். தரம் கையேட்டில் சொன்னபடி. புகையையும் சத்தத்தையும் அமுக்குவதற்காக 20டபிள்யூ50 போன்ற கெட்டி ஆயிலை ஊற்றி விற்கிற பழக்கம் ஒன்று உண்டு. இந்த எஞ்சினில் டைமிங் செயின் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் செயின் "கரகர" என்னும். மறைக்கப்போன சத்தத்துக்குப் பதில் அதைவிட மோசமான சத்தம் கிடைக்கும்.

எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவவில்லை. காயில் குழியில் தண்ணீர் தேங்கினால் வண்டி காட்டுகிற நாளன்றே எஞ்சின் உதறும். தவிர, பத்து வயது எஞ்சின் கண்ணாடிபோல மின்னினால் யாருக்கும் முதலில் வருவது சந்தேகம்தான். ஈரத்துணியால் துடைத்ததோடு சரி.

ஏ.சி.

ஓடும்போது குளிர்கிறது, நின்றால் குளிரவில்லை. இதற்கு கேஸ் அடிப்பதுதான் வழக்கமான வைத்தியம், பெரும்பாலும் தப்பான வைத்தியமும் அதுதான். ஓடும்போது எதிர்க்காற்று, ஏ.சி. கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையைச் செய்ய வேண்டியது ஃபேன். பானட்டைத் திறந்து ஏ.சி. போட்டதும் ஃபேன் சுழலவில்லை; குச்சியால் தட்டிவிட்டதும் சோம்பலாகச் சுற்றியது. ரிலேயை அதே ரகத்து வேறொரு ரிலேயோடு மாற்றிப் பார்த்து, பிறகு மோட்டருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்த்ததில் உறுதியானது: மோட்டரில் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. மோட்டர் ரூ. 2,200, கூலி 300. கேஸ் தொடவே இல்லை. வெயில் நேரத்தில் நிறுத்திவைத்து, உள்காற்றுச் சுழற்சியில் பத்து நிமிடம் ஓடிய பிறகு நடு வென்ட்டில் தெர்மாமீட்டர் 9 டிகிரி காட்டியது. அது போதும்.

கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் கணக்கு வேறு. கண்டன்சர் ஓட்டை என்றால் மாற்றலாம். டேஷ்போர்டுக்குள் இருக்கிற கூலிங் காயில் ஓட்டை என்றால் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். அந்த வேலையில் இறங்காமல், கோட்டேஷன் வாங்கிக் கையில் வைத்து விலையைக் குறைத்துச் சொல்வதே மேல். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றி விற்றால் அது மூன்று வாரத்தில் வெளியே போகும். அதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை.

கிளட்ச்: பாதியில் நிறுத்திய வேலை

ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாம் கியரில், 2,000 ஆர்.பி.எம். வைத்து கிளட்சை விட்டால் எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணைந்தது, தட்டு நழுவவில்லை. இந்தச் சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்வது கிளட்சை நாமே எரிப்பது. பெடல் கனத்துக்கு முதல் காரணம் கேபிள். உள்ளே காய்ந்து, மடிப்பில் உரசிப் போயிருந்தது. கேபிள் ரூ. 500, கூலி 250. கனம் பாதிக்கு மேல் குறைந்தது. மீதி பிரஷர் பிளேட்டின் வயது. முழு கிளட்ச் செட் போட்டால் கியர்பாக்ஸ் இறக்கும் கூலியோடு 9,000 ஆகும். நழுவாத கிளட்சுக்கு அதைச் செலவழித்து ஒன்பதாயிரம் கூட்டிக் கேட்டால் கொடுப்பார் யாரும் இல்லை.

பெயின்ட்: தொடாமல் விட்டது

பின்கதவுப் பள்ளத்துக்கு 5,500, பம்பருக்கு 3,500 சொன்னார்கள். இரண்டும் செய்யவில்லை. காரணம் காசு மட்டும் இல்லை. கம்பெனி பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் தடிமன் இருக்கும். மறுபடி அடித்த பேனல் 200-ஐத் தாண்டும். பட்டி பூசியிருந்தால் 500-க்கு மேலும் போகும். இப்போது வண்டி பார்க்க வருகிற பலர் தடிமன் மீட்டரோடு வருகிறார்கள். சில்வர் மெட்டாலிக்கில் நிறம் சேர்வதும் கஷ்டம், வெயிலில் ஒரு கதவு மட்டும் தனியாகத் தெரியும். பள்ளம் உள்ள ஒரிஜினல் கதவு "பார்க்கிங்கில் இடித்தது" என்ற கதையைத் தானே சொல்லும். புதுப் பெயின்ட் அடித்த கதவு "ஆக்சிடென்டா?" என்ற கேள்வியைக் கொண்டுவரும். பெயின்ட் உரிந்து தகரம் தெரிகிற இடம் இருந்தால் மட்டும் துரு ஏறாமல் டச்-அப் தொட்டுவிடலாம்.

ஹெட்லைட் அப்படியில்லை. மஞ்சள் கண் வண்டிக்கு ஐந்து வயதைக் கூட்டிக் காட்டும், சரிசெய்ய நானூறு ரூபாய்ப் பொருள் போதும். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 1000, 1500, 2000, 3000 என வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு வரிசையாகத் தேய்த்து, கடைசியில் ட்ரில்லில் ஸ்பாஞ்ச் மாட்டிப் பாலிஷ். வேகம் அதிகம் வைத்தால் பாலிகார்பனேட் சூட்டில் கலங்கும். மேலே யு.வி. கோட்டிங் பூசாவிட்டால் சில மாதத்தில் மஞ்சள் திரும்பிவிடும். உள்பக்கத்துப் புகைமூட்டத்துக்கு இது உதவாது.

டயர், பேட்டரி, உள்ளே

முன் டயர்களின் நடுவில் 3 எம்.எம்., உள்விளிம்பில் 2 எம்.எம். சட்டப்படி குறைந்தபட்சம் 1.6. பக்கவாட்டில் 3219, அதாவது 2019-இன் 32-வது வாரத் தயாரிப்பு. 165/80 ஆர்14 இரண்டு போட்டால் 9,000. போடவில்லை, டயர் விலை எல்லோருக்கும் தெரியும், அதைக் கழித்துக்கொள்ளட்டும். ஆனால் உள்விளிம்புத் தேய்மானம் "சேசிஸ் வளைஞ்சிருக்கு" என்ற பேச்சைக் கிளப்பும். அதனால் அலைன்மென்ட் மட்டும் செய்து (ரூ. 500), முன்பின் அளவுகள் உள்ள பிரின்ட்டை வாங்கி வைத்தது. டோ (சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மட்டும்தான் விலகியிருந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. டயரை முன்னும் பின்னும் மாற்றிப்போட்டுத் தேய்மானத்தை ஒளிக்கிற வேலை வேண்டாம், குனிந்து பார்க்காத ஆளே இல்லை.

பேட்டரி நான்கு வருடம் பழையது. ராத்திரி நின்ற பிறகு 12.5 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10.4, ஓடும்போது 14.1. செல்ஃப் அடிக்கையில் 9.6-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்ற வேண்டியிருந்திருக்கும். பின் கண்ணாடிக்கு மோட்டர் தேவைப்படவில்லை. ரன்னர் ரப்பரைத் துடைத்து சிலிகான் ஸ்ப்ரே அடித்ததும் ஏறியது.

உள்ளே சுத்தம், ரூ. 1,500. சென்னைப் பதிவு வண்டிக்கு இதில் ஒரு தனி வேலை சேர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும், தண்ணீர் ஏறிய வண்டியோ என்ற பயம் வாங்குபவருக்கு இருக்கும். சீட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது சீட் தண்டவாளம், கார்பெட்டுக்கு அடியிலுள்ள தகரம், முழுக்க இழுத்த சீட் பெல்ட்டின் அடிமுனை, மூன்றையும் போட்டோ எடுத்து வைத்தது. பெல்ட்டின் அடியில் சேற்றுக் கறை இல்லை என்பதை வாய்ப்பேச்சால் நிரூபிக்க முடியாது.

மொத்தம் 12,900 செலவு. செய்யாமல் விட்டது 27,000.

காகிதங்கள்

இதுவும் ரிப்பேர்தான், செலவைப் பார்த்தால் மிக லாபமான ரிப்பேர். கடன் முடிந்தும் ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தால் பெயர் மாற்றம் நடக்காது. பேங்கின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கடிதமும் படிவம் 35-உம் கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஹெச்.பி. (ஆர்.சி.யிலுள்ள கடன் பதிவு) கேன்சல் செய்ய வேண்டும். கடிதம் பெரும்பாலும் மூன்று மாதம்தான் செல்லும் என்பதால், வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டால் மறுபடி அலைய வேண்டும். இந்த வேலையை முதல் நாளே தொடங்கிவிட்டு எஞ்சின் பக்கம் போனதால், வண்டி தயாரானபோது ஆர்.சி.யும் தயார். நிலுவை அபராதம் ஒன்று இருந்தது, கட்டியாயிற்று.

மாசுச் சான்றை சென்சார் மாற்றிய பிறகு எடுக்க வேண்டும், அதற்கு முன் இல்லை. பி.எஸ்.-4 மாசு விதிக்கு உட்பட்ட பெட்ரோல் வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; ஹீட்டர் செத்த சென்சாரோடு போனால் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு போவது நல்லது.

இன்ஷூரன்ஸில் வண்டி கை மாறினாலும் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்கான பிரீமியத் தள்ளுபடி) விற்பவருக்கே சொந்தம். கம்பெனியிடம் அதற்குக் கடிதம் வாங்கிவைத்தால் மூன்று வருடத்துக்குள் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். வாங்குபவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும், போனஸ் வித்தியாசத்தை அவர்தான் கட்டுவார். இதை விலை பேசும்போதே சொல்லிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

வண்டி காட்டும்போது கவரில் இருந்தவை: பழைய சென்சார், பழைய லிங்க் ராடு, பில்கள், அலைன்மென்ட் பிரின்ட், சீட் அடி போட்டோக்கள், கூடவே செய்யாமல் விட்ட நான்கு வேலைகளும் அவற்றின் கோட்டேஷன் தொகையும் எழுதிய ஒரு தாள். பேரம் அந்தத் தாளுக்குள்ளேயே நடக்கும். புதுக் குறை தேடுவது குறையும். டீலருக்கு விற்பதாக இருந்தால் இதில் முக்கால்வாசி தேவையில்லை. அவருக்குச் சொந்த ஒர்க்‌ஷாப் இருக்கும், பாதிச் செலவில் செய்துகொள்வார்; லைட் எரியாமல், செல்ஃப் ஒரே அடியில் பிடித்து, காகிதம் சரியாக இருந்தால் போதும்.

சாவி கொடுக்கும் அன்று பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் உரிய கையெழுத்து, தேதியோடு நேரமும் எழுதிய டெலிவரி சீட்டு, வாங்குபவருடைய அடையாள அட்டை நகல். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது கூடாது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகை அன்றே மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் போகிற டோல் எல்லாம் பழைய ஓனர் கணக்கில் கழியும்.